கருணை மட்டும் போதாது: முதலுதவிப் பயிற்சிக்குப் புறப்படும் முன்



கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்புக் கம்பி ஆலை ஒன்றில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் சென்ற மாதம் இஷா தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தார். சிறு வயதில் நம்மிடம் ஓதிய பிள்ளை.

"ஹஜ்ரத், அடுத்த வாரம் கம்பெனியில் முதலுதவிப் பயிற்சி. எங்கள் ஷெட்டிலிருந்து என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். பொம்மையின் வாயில் ஊத வேண்டுமாம். விபத்து என்றால் பெண்களையும் தொட்டுத் தூக்க வேண்டியிருக்குமாம். போகலாமா? போவதென்றால் என்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?"

"தாராளமாகப் போகலாம்" என்று ஒரு சொல்லில் விடையளித்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி நமது பழைய தவறொன்றைக் கிளறிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ரமளான் மாலையில், நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்த சட்டி சரிந்து, மதரஸாச் சிறுவன் ஒருவனின் முன்கை வெந்துவிட்டது. பதறி ஓடிய நாம் கைக்குக் கிடைத்த பற்பசையை எடுத்து வெந்த இடம் முழுவதும் பூசினோம். நல்லதைச் செய்துவிட்டோம் என்றே நம்பினோம். மருத்துவமனையில் அந்தப் பசையை அகற்றியபோது அப்பிள்ளை அலறிய அலறல் இன்றும் நம் செவியில் இருக்கிறது. செவிலியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இல்லையா?" ஒளுச் செய்யும் குழாய்கள் பத்தடி தூரத்தில் வரிசையாக இருந்தன.

அந்த இளைஞருக்கு நாம் சொன்னவற்றையும், சொல்வதற்காகப் புரட்டிப் பார்த்த வரலாற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

அறியாமை கொன்ற தோழர்

அபூதாவூத் தொகுப்பில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. பயணக் கூட்டமொன்றில் ஒருவரின் தலை கல்லடி பட்டுப் பிளந்தது. அந்நிலையில் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் கடுமையாகச் சினந்து, அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்று கண்டித்தார்கள். தெரியாதவர்கள் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதுதானே என்றும் உணர்த்தினார்கள்.

உடன் சென்றவர்கள் தீயவர்கள் அல்லர். அவர்களிடம் மார்க்கப் பற்று இருந்தது, அறிவு இல்லை. பற்பசையோடு ஓடிய நம்மிடமும் கருணை இருந்தது, அறிவு இல்லை. மருத்துவ அறிவின்றி மருத்துவம் பார்ப்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்திலும் ஒரு நபிமொழி அதே தொகுப்பில் உண்டு. எனவே ஆபத்தில் உதவுவது நற்செயல் என்றால், உதவும் முறையைக் கற்பதும் அந்த நற்செயலின் பகுதியே.

ஹிஜ்ரி 3இல் உஹதுப் போரில் நபி (ஸல்) அவர்கள் முகத்தில் காயமுற்றபோது நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். அலி (ரலி) அவர்கள் கேடயத்தில் நீர் கொண்டுவர, ஃபாத்திமா (ரலி) அவர்கள் காயத்தைக் கழுவினார்கள். நீர் ஊற்ற ஊற்ற இரத்தம் பெருகுவதைக் கண்டு, கழுவுவதை நிறுத்திப் பாய்த்துண்டு ஒன்றை எரித்து, அதன் சாம்பலை வைத்து இரத்தத்தை அடக்கினார்கள். இதைப் படித்துவிட்டு நாமும் சாம்பலைத் தேடி ஓடுவது பின்பற்றுதல் ஆகாது. சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடிப்பதே இன்றைய முறை. அந்தச் செயலில் நாம் கற்க வேண்டியது வேறு: பதறாமல் காயத்தைப் பார்த்தது, செய்வது பயன் தரவில்லை என்றதும் முறையை மாற்றிக்கொண்டது. அன்றைய மருத்துவ முறைகள் அரபு மக்களின் அனுபவ அறிவைச் சேர்ந்தவை, வஹீயின் பகுதியல்ல என்று இப்னு கல்தூன் (1332–1406) தமது முகத்திமாவில் விளக்கியிருப்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் மதீனாப் பள்ளிவாசலிலேயே ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டார்கள். காயமுற்றவர்களைப் பேணுவதையே தம் பணியாகக் கொண்டிருந்தவர் அவர். "பெண்களைத் தொட நேருமே" என்று தயங்கிய அந்த இளைஞருக்கு நாம் முதலில் எடுத்துச் சொன்னது இந்தக் கூடாரத்தைத்தான். உயிருக்கு ஆபத்தான நிலையில் தேவையின் அளவுக்குத் தொடுவதை நம் சட்ட அறிஞர்கள் தடுக்கவில்லை. கிணற்றில் விழப்போகும் பார்வையற்றவரைக் காக்கத் தொழுகையையே முறிக்க வேண்டும் என்று எழுதியவர்கள் அவர்கள்.

மருத்துவம் கற்பது பர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) இஹ்யாவில் எழுதினார். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லாதபோது, எல்லோரும் ஃபிக்ஹின் வாதப் பிரதிவாதங்களிலேயே மொய்த்துக் கிடக்கிறார்களே என்று அவர் வருந்தினார். மதரஸாவில் பாடம் நடத்தும் நமக்கு இவ்வரிகள் இன்றும் குத்துகின்றன.

தொழிலாளர் துயரில் பிறந்த கலை

இன்று கம்பெனிகளில் கற்பிக்கப்படும் முதலுதவிக்குப் போர்க்களம் ஒரு தாய்வீடு என்றால், தொழிற்கூடம் மற்றொன்று. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சுரங்கங்களிலும் ரயில் பாதைகளிலும் ஆலைகளிலும் தொழிலாளர்கள் அன்றாடம் அடிபட்டனர். மருத்துவர் வந்து சேரும்வரை என்ன செய்வதென்று அருகிலிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. இந்நிலையை மாற்ற 1877இல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தோன்றியது. 1878இல் ராணுவ மருத்துவர் பீட்டர் ஷெப்பர்ட் லண்டனை அடுத்த உல்விச்சில் பொதுமக்களுக்கு வகுப்பெடுத்தார். மறு ஆண்டு ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் இசாண்டில்வானாப் போரில் அவர் உயிரிழந்தார். ஜெர்மனியில் அறுவை மருத்துவர் எஸ்மார்க் 1882இல் கீல் நகரில் இத்தகைய பள்ளியைத் தொடங்கினார். பயிற்சியில் உங்கள் கையில் தரப்படும் முக்கோணத் துணிக்கட்டைப் பரவலாக்கியவர் அவரே.

நின்ற இதயத்தை மார்பை அழுத்தி இயக்கும் சிபிஆர் முறையின் வேரும் தொழிலாளர் மரணங்களில்தான் இருக்கிறது. மின்கம்பி வேலையில் மின்சாரம் தாக்கித் தொழிலாளர்கள் இறப்பது அமெரிக்க மின் நிறுவனங்களைக் கவலைக்குள்ளாக்கியது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியாளர் கோவன்ஹோவன் அது குறித்து 1920களில் ஆய்வைத் தொடங்கினார். பல்லாண்டு உழைப்பின் முடிவில், 1960இல், அவரும் ஜூட், நிக்கர்பாக்கர் ஆகியோரும் மார்பைத் திறக்காமலேயே கைகளால் அழுத்தி இரத்தத்தை ஓடச் செய்யலாம் என்று வெளியிட்டனர்.

அந்தப் பொம்மையும் அதே 1960இல்தான் உருவானது. நார்வே நாட்டின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால் அதைச் செய்தார். பாரிஸின் சென் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முக வார்ப்பை அதற்கு முகமாக வைத்தார். உருவப் பொம்மை என்று தயங்க வேண்டியதில்லை. அது வணங்கவும் அழகுபார்க்கவும் வைக்கப்படுவதன்று, கற்பதற்கான கருவி.

சட்டமும் நமது மண்ணும்

இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 150 தொழிலாளர்களுக்கு ஒன்று என்ற கணக்கில் முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றது. அப்பெட்டி, முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும், அவர் வேலை நேரம் முழுவதும் கிடைக்க வேண்டும் என்றும் விதித்தது. 500 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைக்குத் தனி ஆம்புலன்ஸ் அறையும் கட்டாயமாயிற்று. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எந்த வாயு, எப்படித் தப்புவது என்பதெல்லாம் சுற்றி வாழ்ந்தவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை. அதன் பின்னரே, 1987இல் வந்த திருத்தம், ஆபத்துகளைத் தொழிலாளருக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவிப்பதை ஆலைகளின் கடமையாக்கியது. ஆகவே கம்பெனி உங்களைப் பயிற்சிக்கு அனுப்புவது சலுகையன்று. பலரின் உயிரை விலையாகப் பெற்றுக்கொண்டு வந்த உரிமை அது.

ஆபத்தான தொழில்கள் நமது திருவள்ளூர் மாவட்டத்திற்குப் புதியவையல்ல. 17ஆம் நூற்றாண்டிலேயே டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் வெடிமருந்து ஆலை நடத்தினார்கள். இன்று கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்குகிறார்கள், கம்பி இழுக்கிறார்கள், இரசாயனங்களைக் கையாள்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த சகோதரர்கள் நம் பிள்ளைகளோடு தோளொட்டி நிற்கிறார்கள்.

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணியளவில், மைசூரு – தர்பங்கா பாக்மதி விரைவு ரயில் கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியதை நாம் மறந்திருக்க மாட்டோம். பெட்டிகள் தடம் புரண்டன, ஒரு பெட்டி தீப்பற்றியது, பலர் காயமுற்றனர். இறையருளால் உயிரிழப்பு இல்லை. மீட்புக்கு முதலில் ஓடிச் சென்றவர்களில் ஊர் மக்களும் இருந்தனர். பயணிகளைத் திருமண மண்டபங்களில் தங்கவைத்தார்கள். ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து வந்தாலும் முதல் சில நிமிடங்கள் அருகில் நிற்பவரின் கையில்தான் இருக்கின்றன. அந்தக் கைக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும்.

புறப்படும் முன்

அந்த இளைஞருக்கு நாம் சொன்ன தயாரிப்புகள் எளியவை.

முதலில் நிய்யத். சான்றிதழுக்காக மட்டும் போகாமல், ஓர் உயிரைக் காப்பது மனித குலத்தையே காப்பதற்கு நிகர் என்று சூரத்துல் மாயிதாவின் 32ஆம் வசனம் உணர்த்துவதை நெஞ்சில் வைத்துப் போக வேண்டும்.

இரவுப் பணி முடிந்து நேரே போய் உட்கார்ந்தால் கண் செருகும். முடிந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லி முந்தைய நாள் ஷிப்டை மாற்றிக்கொள்ளுங்கள். முழங்காலிட்டு நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்திப் பழக வேண்டியிருக்கும். எனவே வயிற்றுக்கு ஏதேனும் உண்டு, தளர்ந்த உடையில் செல்லுங்கள். லுஹர் தொழுகைக்கு எப்போது இடைவேளை என்பதைப் பயிற்சியாளரிடம் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

போவதற்கு முன் உங்கள் ஷெட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். முதலுதவிப் பெட்டி எங்கே, சாவி யாரிடம், மின்சார மெயின் சுவிட்ச் எது, கண் கழுவும் குழாய் எங்கே என்று பாருங்கள். 2008 முதல் நம் மாநிலத்தில் இயங்கும் 108 சேவையை அழைத்தால், எந்தத் தெரு, எந்த வாயில் என்று எப்படிச் சொல்வீர்கள் என்பதை எழுதிப் பாருங்கள். உடன் வேலை செய்யும் வடமாநிலச் சகோதரரிடம் "எங்கே வலிக்கிறது?" என்பதை அவர் மொழியில் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

பின்னர் ஒரு தாளில், அடிபட்டால் நம் வீடுகளில் செய்யும் வைத்தியங்களை எழுதுங்கள்: தீப்புண்ணுக்குப் பற்பசை, வெட்டுக்குக் காப்பித்தூள், வலிப்புக்கு இரும்புச் சாவி, பாம்புக்கடிக்கு இறுக்கிய கயிறு. ஒவ்வொன்றையும் பயிற்சியாளரிடம் கேளுங்கள். பெரும்பாலானவற்றைக் கைவிடச் சொல்வார். தீப்புண்ணுக்கு ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் என்பார். வெட்கப்படாமல் கேளுங்கள். அறியாமைக்கு மருந்து அதுதான்.

இன்னொன்றையும் அழுத்திச் சொன்னோம். தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற அடுத்தவர் குதிப்பதும், அவரும் விழ, மூன்றாமவர் இறங்குவதுமாக ஒரே இடத்தில் பலர் மாண்ட செய்திகளைப் படிக்கிறோம். மின்சாரம் தாக்கியவரை அப்படியே பிடித்து இழுத்தவர்களின் கதையும் அதுவே. நம்மை நாமே அழிவில் தள்ளிக்கொள்ளலாகாது என்பது மறை காட்டும் நெறி. முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பார்ப்பதைக் கோழைத்தனம் என்று எண்ண வேண்டாம்.

அந்த இளைஞர் பயிற்சிக்குச் சென்று வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், கற்றதை மதரஸாப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டினார். நாமும் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து கற்றோம். அன்று வெந்த கைக்குரிய சிறுவன், இப்போது வளர்ந்து, முன்வரிசையில் இருந்தான். தீப்புண் பாடம் வந்தபோது அவன் எழுந்து யாரும் சொல்லாமலே ஒளுக் குழாயைச் சுட்டிக்காட்டினான். நாம் தலை குனிந்தோம், அவன் சிரித்தான்.

உங்கள் ஜமாஅத்திலும் இப்படி ஒரு நாளை ஒதுக்குங்கள். பயன்தரும் கல்வியையும் அதைத் தக்க நேரத்தில் பயன்படுத்தும் நிதானத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.