பிறக்காத பிள்ளைக்குப் பெயர்

2010-க்கு முன் நான் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொண்ட காலம். மின்தடைக்குப் பின் சர்வர் எழுந்துவிடும். அதற்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளுக்கு மட்டும் நெட்வொர்க் வராது. பிரிட்ஜ் வழியே போகும் பாக்கெட்டுகளை ஃபயர்வால் தொட வேண்டாம் என்று சிஸ்சிடிஎல் கோப்பில் 0 எழுதியிருந்தேன். எழுத்துப் பிழைகூட இல்லை. அதே கோப்பைக் கையால் ஒருமுறை ஓட்டினால் உடனே சரியாகிவிடும். அதற்காகவே எத்தனை ராத்திரி கடைசி பஸ் பிடித்திருக்கிறேன்!

கோளாறு நேரத்தில் இருந்தது. கோப்பைப் படிக்கும்போது பிரிட்ஜ் மாட்யூல் கெர்னலில் ஏறியே இருக்காது. பிறகு ஏறும்போது தன் வழக்கமான 1-உடன் வரும். அன்று ஸ்கிரிப்டுகள் எஸ்10, எஸ்20 என்று எண் வரிசைப்படி ஓடின. கடைசியில் ஓடும் ஆர்சி.லோக்கலில் அதே கட்டளையை மறுபடி எழுதித் தப்பித்தேன். ஒட்டுவேலைதான்.

2010-ல் சிஸ்டம்டி வந்தது. பல வேலைகள் ஒரே சமயத்தில் தொடங்க, எண் வரிசையை நம்பிய காலம் போயிற்று. மாட்யூலை முதலில் ஏற்றச் சொல்லலாம். அல்லது அது ஏறியதை யூடெவ் சொன்னதும் மதிப்பை வைக்கலாம். 2014 டிசம்பரில் வந்த 3.18 கெர்னல், அந்த வசதியை பிரிட்ஜிலிருந்து பிரித்துத் தனி மாட்யூலாக்கியது. பழைய ஸ்கிரிப்டுகள் மறுபடி தடுமாறின.

நான் ஓய்வுபெற்றிருந்தேன். பழைய அலுவலகப் பையன் ராத்திரி போன் செய்தான்.

“கோப்பை விடு தம்பி. மாட்யூல் ஏறிடுச்சா, அதைப் பாரு” என்றேன்.