கூசாத ஒளி: ஆர்னே யாகோப்சனின் வெளிச்சுவர் விளக்கும் அதன் டேனிஷ் மரபும்

டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் ஆர்னே யாகோப்சன் (1902–1971) வடிவமைத்த ‘ஏ.ஜே.’ விளக்கு வரிசையில் வெளிச்சுவருக்கென்றே ஒரு வகை உண்டு. சாய்வாக வெட்டப்பட்ட கூம்பு, அதன் உச்சியில் ஒரு சிறு உருளை, அவ்வளவுதான். பல்பு உள்ளே மறைந்திருக்க, ஒளி கீழ்நோக்கி விழுகிறது. கோபன்ஹேகனின் எஸ்.ஏ.எஸ். ராயல் ஹோட்டலை வைத்தே இவ்வடிவத்தை விளக்குவது வழக்கம். அந்த ஹோட்டலுக்காகத்தான் இது பிறந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் இதன் ஒளிக் கொள்கை அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பவுல் ஹென்னிங்சனிடம் உருவாகிவிட்டது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

ஹென்னிங்சன் (1894–1967) எழுத்தாளர் ஆக்னஸ் ஹென்னிங்சனின் மகன். மண்ணெண்ணெய் விளக்கின் மென்மையான ஒளியில் வளர்ந்தவருக்கு, மின்சாரம் வந்தபின் மறைப்பில்லாமல் எரிந்த பல்பின் கூச்சம் பொறுக்கவில்லை. 1920களின் நடுவில் லூயி பவுல்சன் விளக்கு நிறுவனத்தோடு சேர்ந்து அவர் உருவாக்கிய மூன்றடுக்கு விளக்கு, மடக்கைச் சுருள் என்னும் வளைகோட்டின் கணிதத்தைப் பின்பற்றியது. அச்சுருளின் மையத்திலிருந்து புறப்படும் கதிர்கள் எல்லாம் வளைவை ஒரே கோணத்தில் சந்திக்கும். பல்பை அங்கே வைத்து, மூடிகளை அந்த வளைவில் அமைத்தால் ஒளி சீராகப் பரவும். எரியும் இழை கண்ணில் படாது. அலங்காரத்துக்காக அடுக்கப்பட்டவை அல்ல அந்த மூடிகள்.

1925ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஹென்னிங்சனின் விளக்குகள் பரிசு பெற்றன. அதே கண்காட்சியில், அப்போது மாணவராக இருந்த யாகோப்சனின் நாற்காலிக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. யாகோப்சன் ஓவியராக விரும்பியவர். கொத்து வேலை பயின்று, பிறகு அரச கலைக்கழகத்தில் கட்டடக் கலை படித்து 1927இல் வெளிவந்தார். நீர்வண்ண ஓவியத்தை அவர் கடைசிவரை விடவில்லை.

போர்க்காலம் வெளிப்புற ஒளியைக் கடுமையான சோதனைக்கு உட்படுத்தியது. 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கை ஆக்கிரமித்ததும் இருட்டடிப்பு விதிகள் வந்தன. 1941இல் கோபன்ஹேகனின் டிவோலி கேளிக்கைப் பூங்காவின் தலைமைக் கட்டடக் கலைஞராயிருந்த ஹென்னிங்சன், வானிலிருந்து பார்த்தால் தெரியாத விளக்கொன்றை அங்கே வடிவமைத்தார். அதனால் பூங்கா இரவிலும் திறந்திருக்க முடிந்தது. ஒளி எங்கே போகக் கூடாது என்று முதலில் முடிவுசெய்துகொண்டு வரையப்பட்ட விளக்கு அது. இந்த வரலாற்றில் இதைவிட முக்கியமான கட்டம் வேறில்லை என்பேன்.

1943இல் யூதர் கைதுகள் தொடங்கியபோது, யூத வம்சத்தவரான யாகோப்சனும் நாஜி எதிர்ப்பாளரான ஹென்னிங்சனும் ஒரே துடுப்புப் படகில் ஓரசுண்ட் நீரிணையைக் கடந்து சுவீடனுக்குத் தப்பினர். அங்கே யாகோப்சன் மனைவி யோனாவுடன் துணிகளுக்கு வடிவங்கள் வரைந்து பிழைத்தார்.

ராயல் ஹோட்டல் 1960இல் திறக்கப்பட்டது. கட்டடம் முதல் கதவுக் கைப்பிடி, கரண்டி வரை எல்லாம் யாகோப்சனின் கைவண்ணம். அறை எண் 606 இன்றும் பழைய வடிவிலேயே பாதுகாக்கப்படுகிறது. அங்குள்ள ஏ.ஜே. விளக்கில் அடுக்குகள் இல்லை. ஹென்னிங்சன் வளைவால் சாதித்ததை யாகோப்சன் ஒரே மூடியின் சாய்வாலும் உட்புற வெள்ளைப் பூச்சாலும் சாதித்தார்.

அறைக்குள்ளிருந்த இந்த வடிவம் பின்னாளில் வெளிச்சுவருக்கும் வந்தது. மழையும் பனியும் படும் இடத்தில் நீர் புகாத அடைப்பு தேவை. ஆனால் வெளியே மறைப்புள்ள விளக்கு வேண்டும் என்பதற்கு அதைவிட ஆழமான காரணம் மனிதக் கண்ணில் இருக்கிறது. இருட்டில் பாவை விரிந்திருக்கும்போது, வாசல் சுவரில் ஆள் உயரத்தில் எரியும் திறந்த பல்பு படியையும் பூட்டுத் துவாரத்தையும் காட்டுவதற்குப் பதிலாக மறைத்துவிடும். மூடிய விளக்கோ படியில் மட்டும் ஒளியைச் சிந்துகிறது.

இக்கொள்கை 1960களில் ஒற்றை வாசலைத் தாண்டியது. கோபன்ஹேகனுக்கு மேற்கே புதிதாக எழுந்த ஆல்பர்ட்ஸ்லுண்ட் நகருக்காக யென்ஸ் மொல்லர்-யென்சன் 1963இல் வடிவமைத்த விளக்கு, அந்நகரின் பெயரையே தாங்கி, தெருக் கம்பத்திலும் வீட்டுச் சுவரிலும் ஏறியது.