ஒரு புள்ளி: 1958ஆம் ஆண்டின் மோட்டார்ப் பந்தயக் கதை



மோட்டார்ப் பந்தயம் என்றவுடன் பலர் மனத்திலும் எழுவன பேரிரைச்சலும் பெருவேகமுமே. ஆனால் அப்பந்தயத்துக்கு மற்றொரு களமும் உண்டு. அது இரசிகரின் மேசை. அங்கே ஒரு தாளும் ஒரு பென்சிலும் இருக்கின்றன. ஓர் ஆண்டிலே பல நாடுகளில் நடைபெறும் பந்தயங்களின் முடிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இன்னார் இத்தனை புள்ளி பெற்றார், இன்னும் இத்தனை பந்தயங்கள் எஞ்சியுள்ளன, ஆகவே இன்னார்க்கே வாய்ப்பு அதிகம் என்று கணக்கிடுவதிலும், அக்கணக்கை ஏற்காத நண்பரோடு நெடுநேரம் வாதாடுவதிலும் அவர் காணும் இன்பம், பந்தயத்தை நேரிற் காண்பவர் பெறும் இன்பத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. அவ்வாறு கணக்கிட்டவர்களையெல்லாம் இறுதி நாள்வரை தவிக்க வைத்த ஆண்டு ஒன்று உண்டு. அது 1958. அதன் வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

மோட்டார்ச் சாரதிகளுக்கான உலக சம்பியன் போட்டி 1950இல் தொடங்கியது. அன்றைய இரசிகர் வானொலிச் செய்தியையும் நாளிதழையும் நம்பியிருந்தார். விரிவான செய்தி வேண்டுவோர்க்கு இங்கிலாந்திலே 1924 முதல் வெளிவந்த ‘மோட்டர் ஸ்போர்ட்’ இருந்தது. 1950இல் ‘ஓட்டோஸ்போர்ட்’ என்ற வார இதழும் அதனோடு சேர்ந்துகொண்டது. அவற்றில் எழுதியவர்கள் களத்தை அறியாதவர்கள் அல்லர். ‘மோட்டர் ஸ்போர்ட்’ இதழுக்கு ஐரோப்பாக் கண்டத்திலிருந்து எழுதிய டெனிஸ் ஜெங்கின்சன், 1955இல் இத்தாலியில் நடந்த ஆயிரம் மைல் பந்தயத்தில் ஸ்டேர்லிங் மொஸ்ஸின் அருகில் அமர்ந்து வழிகாட்டி, அவரோடு சேர்ந்து வெற்றி கண்டவர்.

கதைக்குள் நுழையுமுன் கணக்கு முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். 1958இல் ஒரு பந்தயத்தில் முதலாவதாக வந்தவர்க்கு 8 புள்ளிகள்; அடுத்து வந்த நால்வர்க்கு முறையே 6, 4, 3, 2. இவற்றோடு, பந்தயத்தின் மிக விரைவான சுற்றை ஓட்டியவர்க்கு ஒரு புள்ளி தனியே உண்டு. அவர் முடிவில் எந்த இடத்தில் வந்தாலும், இடை நடுவே நின்றுவிட்டாலுங்கூட அந்தப் புள்ளி அவர்க்குரியது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தையும் சேர்த்து அவ்வாண்டில் பதினொரு பந்தயங்கள். ஆனால் ஒருவர் பெற்றவற்றுள் மிகச் சிறந்த ஆறு பந்தயங்களின் புள்ளிகளே கணக்கில் வரும், ஏனையவை தள்ளப்படும். கூட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, கழிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

அவ்வாண்டின் தொடக்கத்தில் இரசிகர் வாயில் மூன்று பெயர்கள் இருந்தன. முதற் பெயர் ஆர்ஜென்டீன நாட்டவரான ஜுவான் மனுவெல் பாஞ்சியோ. ஐந்துமுறை உலக சம்பியன் ஆனவர் அவர். ஆயினும் வயது 46ஐக் கடந்துவிட்டது. அவ்வாண்டு இரண்டே பந்தயங்களில் ஓட்டி, ஜூலை மாதத்தில் அவர் ஓய்வு பெற்றார். ஆகவே எஞ்சியோர் இங்கிலாந்தைச் சேர்ந்த இருவர்.

ஒருவர் ஸ்டேர்லிங் மொஸ். 1955, 1956, 1957 ஆகிய மூன்றாண்டுகளிலும் பாஞ்சியோவுக்கு அடுத்த இடத்தில் நின்றவர். தம் நாட்டில் செய்த காரிலேயே வெல்ல வேண்டும் என்ற வேட்கை கொண்டவர். அவர் ஓட்டியது பிரித்தானிய வன்வோல் கார். மற்றவர் மைக் ஹோதோர்ன். உயர்ந்த தோற்றம், பொன்னிறத் தலைமுடி, கழுத்திலே குறுக்குப் பட்டி, எப்போதும் சிரித்த முகம். அவர் ஓட்டியது இத்தாலியப் பெராரி. 1953இல் பிரான்சின் ரான்ஸ் நகரில் பாஞ்சியோவையே முந்தி வென்றவர் அவர். இருவரும் 1929ஆம் ஆண்டிற் பிறந்தவர்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த எவரும் அதுவரை உலக சம்பியன் ஆனதில்லை. ஆகவே இவ்விருவருள் யார் என்ற கேள்வி அந்நாட்டு இரசிகரை இரு கட்சியாகப் பிரித்தது.

ஜனவரியில் ஆர்ஜென்டீனாவில் முதற் பந்தயம். வன்வோல் கார்கள் அங்கே செல்லவில்லை. மொஸ், ரொப் வோக்கர் என்பவருக்குச் சொந்தமான சிறிய கூப்பர் கார் ஒன்றை ஓட்டினார். எஞ்சின் சாரதியின் பின்புறத்தில் அமைந்த கார் அது. வலிமையிலும் பெராரிக்குக் குறைந்தது. அதன் ரயர்களை மாற்ற வெகுநேரம் எடுக்கும். எப்படியும் மாற்றத்தானே வேண்டும் என்று பெராரிக் குழுவினர் அமைதியாகக் காத்திருந்தனர். மொஸ் மாற்றவேயில்லை. தேய்ந்து நூல் தெரியும் ரயர்களோடு ஓட்டி, மூன்று விநாடிக்கும் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். இரண்டாவதாக வந்தவர் இத்தாலியரான லூயிஜி முஸோ, மூன்றாமவர் ஹோதோர்ன்.

பின்னர் வந்த மாதங்களில் இரு சாரதிகளின் இயல்பும் வெளிப்பட்டது. மொஸ் ஒன்றில் வெல்வார், அல்லது கார் பழுதுற்று இடையில் நிற்பார். ஒல்லாந்திலே வென்றார், மொனாக்கோவிலும் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் அவர் கார் நின்றது. ஹோதோர்னோ அதிகமாக வெல்லவில்லை. ஆனால் இரண்டாம் இடத்தையும், மிக விரைவான சுற்றுக்குரிய ஒற்றைப் புள்ளியையும் மீண்டும் மீண்டும் பெற்று வந்தார். ஜூலை மாதம் பிரான்சிலே அவர் பெற்றதே அவ்வாண்டில் அவருக்குக் கிட்டிய ஒரே வெற்றி. இங்கிலாந்துப் பந்தயம் முடிந்தபோது ஹோதோர்ன் 30, மொஸ் 23 என்று இரசிகரின் தாள் காட்டியது.

அந்தத் தாள் காட்டாதவையும் உண்டு, நேயர்களே. பிரான்சில் ஹோதோர்ன் வென்ற அதே நாளில், அவரைத் துரத்தி வந்த முஸோ பாதை விலகி வீழ்ந்து உயிரிழந்தார். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 12 என்ற எண் நின்றது. அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. அடுத்து இங்கிலாந்துப் பந்தயத்தை வென்றவர் பீற்றர் கொலின்ஸ். பெராரிக் குழுவில் ஹோதோர்னின் தோழராய், அவரது உயிர் நண்பராய் இருந்தவர். 1956இல் இத்தாலியிலே தாமே சம்பியனாகும் வாய்ப்பு இருந்தும், கார் பழுதுற்று நின்ற பாஞ்சியோவுக்குத் தம் காரை மனமுவந்து கொடுத்தவர் இவரே. அவ்வெற்றிக்குப் பதினைந்து நாட்களின் பின், ஆகஸ்ட் 3ஆம் திகதி, ஜேர்மனியின் நியூர்பேர்க் பாதையிலே ஹோதோர்னின் கண்ணெதிரே கொலின்ஸின் கார் பாதையை விட்டுப் பாய்ந்தது. அன்றே அவர் மாண்டார். வயது 26. அவர் பெயருக்கு நேரே 14 என்ற எண் நின்றது.

இதன்பின் ஹோதோர்னுக்குப் பந்தயத்தில் இருந்த மகிழ்ச்சி போய்விட்டது. ஆயினும் பருவம் முடியும்வரை ஓட்டினார்.

ஆகஸ்ட் 24ஆம் திகதி போர்த்துக்கல் நாட்டின் போர்ட்டோ நகர். கற்கள் பதித்த வீதிகளும் டிராம் தண்டவாளங்களும் கொண்ட பாதை அது. மொஸ் முன்னணியில் ஓடினார். ஹோதோர்ன் இரண்டாமவராய் இருந்தும், மிக விரைவான சுற்றை ஓட்டிவிட்டார். மொஸ்ஸின் குழுவினர் அச்செய்தியை ஒரு பலகையில் சுருக்கமாக எழுதிக் காட்டினர். விரைந்து செல்லும் காரிலிருந்து பார்த்த மொஸ் அதன் கடைசி எழுத்தைத் தவறாகப் படித்தார் என்று சொல்லப்படுகிறது. ‘ஹோதோர்ன் புதிய சாதனை’ என்று எழுதியிருந்ததை ‘ஹோதோர்ன் வழக்கம்போல’ என்று கொண்டாராம். ஆகவே அந்தப் புள்ளியை மீட்க அவர் முயலவில்லை.

அதைவிடப் பெரிய செய்தி இனித்தான். கடைசிச் சுற்றிலே ஹோதோர்னின் கார் சறுக்கி நின்றுவிட்டது. எஞ்சினை மீண்டும் இயக்க அவர் காரைச் சரிவில் இறக்கினார். அவ்வாறு இறக்கியது பந்தயம் ஓடும் திசைக்கு எதிராக. திசைக்கெதிரே ஓட்டியது விதிமீறல் என்று கூறி அவரை நீக்கிவிட மத்தியஸ்தர் எண்ணினர். அப்படி நீக்கியிருந்தால் அவர் அன்று பெற்ற 7 புள்ளிகளும் போயிருக்கும். அப்போது அவருக்காகச் சாட்சி சொல்ல முன்வந்தவர் யார் தெரியுமா? மொஸ்தான்! ஹோதோர்ன் எதிர்த்திசையிற் சென்றது பந்தயப் பாதையில் அன்று, ஓரத்து நடைபாதையில் என்று தாம் கண்டதைக் கண்டபடியே சொன்னார். மத்தியஸ்தர் அதனை ஏற்றனர். ஹோதோர்னின் இரண்டாம் இடம் நிலைத்தது.

மொஸ் சும்மா இருந்திருந்தாலே போதும். பொய் சொல்ல வேண்டியதில்லை. வாய் திறவாதிருந்தால் எவரும் குற்றம் கூறியிரார். வள்ளுவர் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். தமக்கே இழப்பு வரும் இடத்திலும் கோணாதிருப்பதே நடுவு நிலைமையின் உண்மையான சோதனை. அச்சோதனை போர்ட்டோ நகரில் மொஸ்ஸுக்கு வந்தது.

செப்டெம்பரில் இத்தாலிப் பந்தயத்தில் மொஸ்ஸின் கார் மீண்டும் பழுதுற்றது. ஹோதோர்ன் மீண்டும் இரண்டாமவர். எஞ்சியது ஒரே பந்தயம்: அக்டோபர் 19ஆம் திகதி மொறொக்கோவின் கஸபிளாங்கா நகரில். ஹோதோர்னின் சிறந்த ஆறு பந்தயங்களின் கூட்டுத்தொகை 40. மொஸ் பெற்றிருந்தது 32. மொஸ் வெற்றியோடு மிக விரைவான சுற்றையும் பெற்றால் 41 ஆகும். ஹோதோர்ன் மூன்றாவதாக வந்தால் அவருக்குக் கிடைக்கும் 4 முன்பிருந்த ஒரு 4ஐ நீக்கிவிடும். தொகை 40ஆகவே நிற்கும், பட்டம் மொஸ்ஸுக்கே. இரண்டாவதாக வந்தாலோ, 4 நீங்கி 6 சேர்ந்து 42 ஆகும். ஆக, எல்லாம் ஹோதோர்ன் இரண்டாவதாக வருவாரா என்பதிலே தங்கியிருந்தது.

மொஸ் தம்மால் ஆவதையெல்லாம் செய்தார். தொடக்கத்திலிருந்தே முன்னணியில் ஓடினார்; வென்றார்; மிக விரைவான சுற்றும் அவரதே. அவர் தோழர் ரொனி புரூக்ஸ் ஹோதோர்னைத் தடுத்து நிறுத்தக்கூடும் என்ற நம்பிக்கை, புரூக்ஸின் எஞ்சின் உடைந்ததோடு போயிற்று. ஹோதோர்னுக்கு முன்னே சென்ற பெராரிச் சாரதி பில் ஹில் தம் குழுவின் கட்டளைப்படி ஒதுங்கி வழிவிட்டார். ஹோதோர்ன் இரண்டாவதாக வந்தார். 42க்கு 41. இங்கிலாந்தின் முதல் உலக சம்பியன் மைக் ஹோதோர்ன்.

இரசிகர் பென்சிலை மீண்டும் எடுத்தனர். மொஸ் வென்ற பந்தயங்கள் நான்கு, புரூக்ஸ் வென்றவை மூன்று, ஹோதோர்ன் வென்றது ஒன்று. ஒருமுறை வென்றவர் நான்குமுறை வென்றவரை வெல்வது நீதியா என்று ஒரு சாரார் கேட்டனர். ஐந்துமுறை இரண்டாவதாக வந்து, காரைப் பேணி, பருவம் முழுவதும் தளராது ஓட்டியதும் திறமையல்லவா என்று மறுசாரார் விடையிறுத்தனர். இரு வாதத்திலும் உண்மை உண்டு. ஆனால் கழித்துக் கூட்டிப் பார்த்தோர் வேறொன்றையும் கண்டனர். போர்ட்டோவில் பலகையைச் சரியாகப் படித்து மொஸ் அந்த ஒற்றைப் புள்ளியை மீட்டிருந்தால், அவருக்கு 42, ஹோதோர்னுக்கு 41. மொஸ் சாட்சி சொல்லாதிருந்து ஹோதோர்ன் நீக்கப்பட்டிருந்தால், அவர் தொகை 39. இரு வழியிலும் பட்டம் மொஸ்ஸினதே.

கஸபிளாங்காவிலும் காலன் தன் பங்கை எடுத்துக்கொண்டான். வன்வோல் குழுவின் மூன்றாம் சாரதியான ஸ்டுவர்ட் லூயிஸ்-எவன்ஸின் கார் மோதித் தீப்பற்றியது. கொடிய எரிகாயங்களோடு இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட அவர் ஆறு நாட்களின் பின் இறந்தார். கார் செய்வோர்க்கென அவ்வாண்டு முதன்முறையாக வழங்கப்பட்ட உலகப் பரிசு வன்வோலுக்கே கிடைத்தது; ஆயினும் அதன் உரிமையாளர் ரொனி வண்டர்வெல் சில மாதங்களில் முழுமுயற்சியையும் கைவிட்டார். ஹோதோர்ன் பட்டம் பெற்றவுடனேயே பந்தயத்திலிருந்து விலகினார். 1959 ஜனவரி 22ஆம் திகதி, இங்கிலாந்தின் கில்போர்ட் நகரருகே பொது வீதியில் தம் சொந்தக் காரை ஓட்டிச் சென்றபோது விபத்துக்குள்ளாகி மாண்டார். வயது 29.

அவ்வாண்டின் இறுதிப் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால், முதல் ஒன்பது பெயர்களுள் ஹோதோர்ன், கொலின்ஸ், முஸோ, லூயிஸ்-எவன்ஸ் என்ற நான்கு பெயர்கள் 1959 ஜனவரி முடியுமுன் மறைந்தோருடையவை. எண்களை எழுதி வைத்த இரசிகர்கள், தாம் எழுதியது வெறும் எண் அன்று என்பதை உணர்ந்த ஆண்டும் அதுவே.

பின்னாளில் விதிகள் மாறின. விரைவான சுற்றுக்குரிய புள்ளி 1960இல் நீக்கப்பட்டது. 2019இல் திரும்பி வந்து 2025இல் மீண்டும் நீங்கியது. சிறந்த சில பந்தயங்களை மட்டும் எண்ணும் முறை 1991 முதல் கைவிடப்பட்டது. மொஸ் 1962இல் குட்வுட் என்னும் இடத்தில் நேர்ந்த பெரும் விபத்தோடு பந்தய வாழ்வை நிறுத்தினார். உலக சம்பியன் பட்டம் அவருக்கு என்றுமே கிட்டவில்லை. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி, 90ஆவது வயதில் அவர் காலமானார்.

பட்டம் பெற்றோர் பெயர்களை வரிசையாகச் சொல்லும் இரசிகர், பட்டம் பெறாத ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சற்றே நின்று, போர்ட்டோ நகரில் நடந்ததைக் கேட்பவர்க்கு விளக்கிச் சொல்கிறார். புள்ளிப் பட்டியலில் அதற்கு இடமில்லை. ஆயினும் இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னும் அது சொல்லப்பட்டு வருகிறது.