கண் பார்த்த வைரமும் காகிதம் பார்த்த வைரமும்

கனடாவில் வாழும் என் தங்கையின் மகன் ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தான். தான் மணக்கவிருக்கும் பெண்ணுக்கு அணிவிக்க மோதிரம் வாங்க வேண்டும் என்றும், இணையக் கடையொன்றில் வைரம் தேடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னான். "மாமா, ஒரு காரட் எண்டு போட்டுத் தேடினால் ஆயிரக்கணக்கிலை கல்லு வருது. படத்திலை எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கு. விலையிலை மட்டும் மடங்குக் கணக்கிலை வித்தியாசம். எதை எடுக்கிறது?" என்று கேட்டான். இரண்டு மாதச் சம்பளத்தை மோதிரத்துக்குச் செலவிடுவதே முறையென்று நண்பர்கள் சொல்கிறார்களாம். படித்த கடனே இன்னும் முடியாத அவன், அதற்காக இன்னொரு கடன் எடுக்கவும் ஆயத்தமாக இருந்தான்.

நான் வைர வியாபாரி அல்லன். பழைய ஏடுகளையும் புத்தகங்களையும் புரட்டிப் பிழைக்கும் பத்திரிகைக்காரன். ஆயினும் அவனுடைய கேள்விக்குள் சில நூற்றாண்டு வரலாறு அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. அன்றிரவு அவனுக்குச் சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

1720களில் பிரேசிலில் வைரம் கண்டெடுக்கப்படும்வரை, உலகச் சந்தைக்கு வந்த வைரங்களில் மிகப் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்தே சென்றன. 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா இராச்சியத்துச் சுரங்கங்களுக்கு வந்த பிரெஞ்சு வணிகர் தவேர்னியே, அங்கே கல் வாங்கிய விதத்தைத் தமது பயண நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். 1676இல் வெளியான நூல் அது. ஐரோப்பியர் பட்டை தீட்டாத கல்லைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க, இந்திய வணிகரோ இரவில் பார்த்தனராம். சுவரிலே ஓரடிச் சதுரத்தில் ஒரு மாடம், அதில் தடித்த திரியிட்ட விளக்கு; அதன் ஒளியில் விரலிடையே கல்லைப் பிடித்து அதன் நீரோட்டத்தையும் தெளிவையும் மதிப்பிட்டனர். நீலம் கலந்த நிறத்தைக் கண்டுகொள்ள அடர்ந்த மரநிழலுக்குக் கல்லைக் கொண்டு சென்றனர்.

அவர் வர்ணிக்கும் இன்னொரு காட்சியும் மறக்க முடியாதது. பத்து முதல் பதினைந்து பதினாறு வயது வரையான வணிகர் வீட்டுப் பிள்ளைகள் ஊர்ச் சதுக்கத்து மரத்தில் அமர்ந்திருப்பார்கள். ஒரு பக்கம் நிறைகற்கள், மறுபக்கம் பணப்பை. யாராவது கல் கொண்டுவந்தால் அவர்களுள் மூத்தவன் முதலில் பார்ப்பான். பின்னர் அது ஒரு வார்த்தையும் பேசப்படாமல் கைக்குக் கை மாறி மீண்டும் அவனிடமே வரும். அதன் பிறகுதான் பேரம். அக்காலத்தில் வைரம் வாங்குதல் என்பது கண்ணுக்கு அளிக்கப்பட்ட நீண்ட பயிற்சி.

அந்தப் பயிற்சி தமிழருக்கும் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரையின் மணிவீதியைக் காணும் கோவலன் வாயிலாக, வைரத்துக்கு ஆகாத நான்கு குற்றங்களை இளங்கோவடிகள் குறிப்பிடுகிறார்: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காக்கையின் கால் போன்ற கீறல், மாசு, புள்ளி, கோடு என்று இவற்றை விளங்கிக்கொள்ளலாம். இன்றைய ஆய்வுகூட அறிக்கைகளைப் பாருங்கள். கல்லினுள்ளே இருக்கும் குறைகளுக்கு இறகு, முகில், ஊசிமுனைப் புள்ளி, ஊசி என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். மொழி மாறியதேயன்றிக் கண் பார்த்த பொருள் மாறவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே காப்பியத்தில், பாண்டியன் சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்க்கவில்லை; பொற்கொல்லனின் சொல்லை நம்பினான். பாராமல் நம்பியதன் விலையை மதுரை கொடுத்தது.

நம் மருமகன் பிள்ளையின் சங்கடம் எங்கே தொடங்கியது என்பதை அறிய, அடுத்துத் தென்னாபிரிக்காவுக்குச் செல்ல வேண்டும். 1867ஐ ஒட்டி ஒரேஞ்ச் ஆற்றுப் பகுதியில் வைரம் தென்பட்டது. 1871இல் கிம்பர்லியில் பெருஞ்சுரங்கம் திறந்தது. அரிதாயிருந்த பொருள் பெருவாரியாகக் கிடைக்கத் தொடங்கியதும் விலை சரியும் அச்சம் எழுந்தது. 1888இல் செசில் ரோட்ஸ் டி பியர்ஸ் நிறுவனத்தை ஒருங்கிணைத்ததன் நோக்கங்களுள் ஒன்று, சந்தைக்கு வரும் கல்லின் அளவைக் கட்டுப்படுத்துவதாகும். நிரம்பலைக் கட்டுப்படுத்தியாயிற்று, பின்னர் கேள்வியையும் உருவாக்க வேண்டியிருந்தது. 1938இல் அமெரிக்க விளம்பர நிறுவனமான என்.டபிள்யூ. அயரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. 'வைரம் என்றென்றைக்கும்' என்ற புகழ்பெற்ற வாசகத்தை 1947இல் அங்கே எழுதியவர் பிரான்சிஸ் கெரட்டி என்ற பெண்மணி. அவர் இறுதிவரை மணம் செய்துகொள்ளாதவர் என்பது வரலாற்றின் ஒரு சிறு முரண்.

'இரண்டு மாதச் சம்பளம்' என்ற கணக்கும் அதே விளம்பர வழியில் 1980களில் பரவியதேயாகும். அது சாத்திரமும் அன்று, சம்பிரதாயமும் அன்று. விற்பவர் வகுத்த விதியை வாங்குபவர் வழக்கமாக ஏற்றுக்கொண்டார். கடன் எடுக்கும் முன் என் மருமகன் அறிந்திருக்க வேண்டிய முதற் செய்தி இதுவே என்று கருதினேன்.

இனி, கண்ணின் இடத்தைக் காகிதம் பிடித்த கதை. அமெரிக்க இரத்தினக்கல்லியல் நிறுவகத்தை (ஜி.ஐ.ஏ.) 1931இல் ரொபர்ட் ஷிப்லி தொடங்கினார். அதுவரை ஒவ்வொரு கடைக்காரரும் தத்தம் விருப்பப்படி 'ஏ', 'இரட்டை ஏ' என்று கல்லுக்குத் தரம் வழங்கிவந்தனர். 1950களில் ரிச்சர்ட் லிடிகோட் முதலானோர் பொதுவான அளவுகோலை வகுத்தபோது, அந்தப் பழைய குழப்பத்தின் சாயல் படியாதிருக்க, நிறத் தரத்தை ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தான 'டி'யிலிருந்து தொடங்கினர். நிறமற்றது 'டி', மஞ்சள் கூடக்கூட 'இசட்' வரை இறங்கும். தெளிவைப் பத்து மடங்கு பெருக்கும் வில்லையால் பார்த்துத் தரப்படுத்தினர். காரட் என்ற நிறையோ 200 மில்லிகிராம் என 1907இலேயே வரையறுக்கப்பட்டிருந்தது.

இவ்வாறு கல்லின் இலக்கணம் ஒரு தாளில் அடங்கியதும், கல்லைக் காணாமலே அதை விலை பேசும் வாய்ப்புப் பிறந்தது. 1978இல் நியூயோர்க்கில் மார்ட்டின் ராப்பபோர்ட் வெளியிடத் தொடங்கிய விலைப்பட்டியல் வணிகர்களிடையே அதை நடைமுறையாக்கியது. 1999இல் சியாற்றிலில் மார்க் வடோன் நிறுவிய புளூ நைல் இணையக் கடை அதே வாய்ப்பைப் பொதுமக்களின் கைக்குக் கொண்டுவந்தது. வடோனே முன்னர் ஒரு மோதிரம் வாங்கப் போய்க் கடையில் குழம்பியவர்தாம். ஆகவே இணைய வைரம் திடீரென வந்ததன்று; கண்ணிலிருந்து காகிதத்துக்கு நடந்த நெடும்பயணத்தின் கடைசிப் படி.

ஆனால் அந்தக் காகிதம் எல்லாவற்றையும் சமமாகச் சொல்வதில்லை. நிறை, நிறம், தெளிவு ஆகிய மூன்றும் கல் பிறந்த இயல்பு. நான்காவதான பட்டை மனிதக் கையின் வேலை. ஒளிர்வதும் மங்குவதும் பெரும்பாலும் அதில்தான் தங்கியுள்ளன. 1919இலேயே மார்செல் டொல்கோவ்ஸ்கி இதைக் கணிதத்தால் காட்டினார். கீழ்ப்பாகத்தின் சரிவு ஏறக்குறைய 40.75 பாகையாகவும் மேற்பாகத்தினது 34.5 பாகையாகவும் இருந்தால், புகுந்த ஒளி உள்ளே பட்டுத் தெறித்து மேலே திரும்பும் என்பது அவர் கண்ட முடிவு. ஆழம் குறைந்தால் ஒளி அடிவழியே ஒழுகிவிடும். கூடினால் நடு இருண்டுபோகும். ஜி.ஐ.ஏ. நிறுவகமோ வட்ட வைரத்தின் பட்டைக்குத் தரம் வழங்கத் தொடங்கியது 2006இல்தான்.

ஆகவே மருமகனுக்கு நான் சொன்னவை இவை. முதலில் பட்டையின் தரத்தை உச்சத்தில் வை, மற்றவற்றில் விட்டுக்கொடு. மஞ்சள் பொன்னில் பதிப்பதானால் மேல்வரிசை நிறத்துக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. வெறுங்கண்ணுக்குப் புலப்படாத குறை இருந்தால் இருக்கட்டும். ஒரு காரட் என்ற முழு எண்ணைத் தொட்டதும் விலை துள்ளும், 0.9 காரட் கல்லுக்கும் அதற்கும் விட்டத்தில் உள்ள வேறுபாடு ஏறக்குறைய கால் மில்லிமீற்றர்தான். அறிக்கை தந்த ஆய்வுகூடம் எதுவென்று பார். எல்லாரும் ஒரே கண்டிப்புடன் தரமிடுவதில்லை. கல்லின் விளிம்பில் பொறித்த இலக்கமும் அறிக்கையின் இலக்கமும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார். கல்லைச் சுழற்றிக் காட்டும் ஒளிப்பதிவு இல்லாமலும், திருப்பியனுப்பும் உரிமை இல்லாமலும் வாங்காதே. கையில் கிடைத்ததும் கடைவிளக்கில் அல்ல, மரநிழலில் வைத்துப் பார். கோல்கொண்டா வணிகர் சொல்லிச்சென்ற வழி அது.

காகிதம் சொல்லாத வேறு இரண்டையும் சொன்னேன். ஒன்று, மறுவிற்பனை. வாங்கிய விலைக்கு வைரத்தைத் திருப்பி விற்க முயன்றவர்கள் ஏமாற்றமே அடைந்திருக்கிறார்கள். எட்வர்ட் ஜே எப்ஸ்டைன் 1982இல் எழுதிய கட்டுரை இதை அம்பலமாக்கியது. பவுண் போல் ஆபத்துக்கு உதவும் பொருளன்று வைரம். இன்னொன்று, ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் வைரம். அதுவும் அதே கரிமப் படிகம்தான். கருவியின்றிக் கண்ணால் வேறுபடுத்த முடியாது. 2018க்குப் பின் அதன் விலை பெரிதும் சரிந்துவிட்டது. 2025இல் ஜி.ஐ.ஏ. அவற்றுக்குப் பழைய எழுத்துத் தரங்களை வழங்குவதையே கைவிட்டது. எது வேண்டும் என்பதை அந்தப் பெண்ணையே கேட்டு முடிவெடு என்றேன். வாழ்வைப் பகிரப்போகிறவளிடம் மறைத்து வாங்க வேண்டிய பொருள் எதுவுமில்லை.

நம்மூரில் தாலிக்குப் பொன்னுருக்கும்போது, உற்றார் சூழ்ந்திருக்க, பத்தர் எல்லாரும் காணப் பொன்னை உருக்குவார். அச்சடங்கில் மங்கலம் பாதி, சாட்சி பாதி. சபைக்கு முன் உருகியதே தாலியாகிறது என்ற நம்பிக்கை அது. கணினித் திரையில் அச்சபை இல்லை. அதன் இடத்தில் ஓர் இலக்கமும் ஒரு தாளும் இருக்கின்றன. தாளைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அது சாட்சி. தெரியாதவனுக்கு அதுவும் பொற்கொல்லனின் சொல்தான்.

சென்ற மாதம் அவன் மீண்டும் அழைத்தான். ஒரு காரட்டுக்குச் சற்றுக் குறைந்த கல், இருவரும் சேர்ந்தே தெரிவு செய்ததாம். கடன் எடுக்கவில்லை என்றான். கல்லின் விலையை நான் கேட்கவில்லை.