பிளாட்டினம் அட்டையின் பில்லைக் கட்டுறது யார்?

ஊர்க்கடையில் கொப்பியில எழுதிச் சாமான் வாங்கி, சம்பளம் வந்ததும் கணக்கை முடிக்கிற பழக்கம் எங்களில் பலருக்கும் தெரியும். சார்ஜ் கார்ட் எண்ட அட்டையின் அடிப்படையும் அதுதான். கடனட்டை மாதிரி கொஞ்சத்தைக் கட்டிவிட்டு மிச்சத்தை வட்டியோடு இழுத்துக்கொண்டு போக முடியாது. மாத முடிவில் முழுத்தொகையும் கட்ட வேண்டும். அப்படியெண்டால், வட்டி எடுக்காத கொம்பனிக்கு வருமானம் எங்கேயிருந்து வந்தது?

1950 இல் நியூ யோர்க்கில் பிராங்க் மக்னமாராவும் ரால்ஃப் ஷ்னைடரும் டைனர்ஸ் கிளப்பைத் தொடங்கினார்கள். உணவகத்தில் சாப்பிட்டு முடித்த பிறகுதான் காசுப்பையைக் கொண்டுவராதது மக்னமாராவுக்குத் தெரிந்தது, அந்த வெட்கத்தில் பிறந்த யோசனைதான் இது என்று ஒரு கதை இருக்கிறது. விளம்பரத்துக்காகக் கட்டின கதை எண்டும் சொல்லுவினம். எங்களுக்கும் அது கொஞ்சம் அளவுக்கு மிஞ்சின அழகாகத்தான் படுகிறது. கதையை விடுவம், கணக்கைப் பார்ப்பம். அட்டைக்காரர் வருடத்துக்குச் சில டொலர்கள் மட்டும் கட்டினார். உணவகக்காரரோ ஒவ்வொரு பில்லிலும் 7 வீதத்தை விட்டுக்கொடுத்தார். 100 டொலருக்குச் சாப்பாடு போனால் அவர் கைக்கு வந்தது 93. அட்டையோடு வருகிறவன் கணக்குப் பாராமல் கூடச் சாப்பிடுவான் என்பதுதான் அவரைச் சம்மதிக்க வைத்த வாதம். மக்னமாரா 1952 இல் தன் பங்கை 200,000 டொலருக்கு விற்றுவிட்டு விலகிவிட்டார். அவசரப்பட்டு விற்றவர்களின் பட்டியலில் அவருக்கு நல்ல இடம் கிடைக்கும்.

1958 ஒக்டோபரில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் களத்தில் இறங்கியது. 1850 இல் பொதிகள் கொண்டுசெல்லத் தொடங்கி, பிறகு பயணக் காசோலைகளால் பேர் எடுத்த கொம்பனி அது. டைனர்ஸ் கிளப்பின் வருடக் கட்டணம் 5 டொலர். வழமையாகப் புதிதாக வருகிறவர் விலையைக் குறைப்பார். இவர்கள் 6 டொலர் கேட்டார்கள். 'எங்களுடையது உயர்ந்தது' எண்டு காட்டத்தான் அந்த ஒரு டொலர். அதற்குப் பிறகு வந்த எல்லா அட்டைகளும் அந்த ஒரு டொலரின் பிள்ளைகள்தான் என்பது எங்கள் எண்ணம். 1966 இல் கோல்ட் அட்டை. 1984 இல் பிளாட்டினம், வருடத்துக்கு 250 டொலர், அதுவும் அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும். பெரும் பணக்காரரிடம் கறுப்பு அட்டை ஒன்று இருக்கிறதாம் என்ற வதந்தி நெடுங்காலம் உலாவியது. 1999 இல் கொம்பனி அந்த வதந்தியையே சென்டூரியன் எண்ட பேரில் அட்டையாக அடித்து விற்றது.

இதெல்லாம் வாங்குகிறவனுக்கு நட்டமா? அப்படிச் சொல்ல மாட்டோம். அமெரிக்காவில் பிளாட்டினம் அட்டையின் கட்டணம் 2021 இல் 695 டொலர், 2025 இல் 895. அதற்கு விமான நிலைய ஓய்வறை, ஹோட்டல்களில் தனிக் கவனிப்பு, புள்ளிகள் எல்லாம் கிடைக்கும். மாதத்தில் பாதி நாள் பிளேனில் திரிகிறவருக்குக் கட்டணத்தை விடக் கூடவே திரும்பி வரலாம். ஆனால் சலுகைகள் துண்டு துண்டாகத்தான் வரும். ஊபருக்கு மாதம் 15 டொலர் தருவார்கள், அந்த மாதம் ஓடாவிட்டால் அது போச்சு. தேவையில்லாமல் ஓடினால் கைக்காசும் சேர்ந்து போச்சு. கட்டின கட்டணத்தை மீட்கத்தான் செலவழிக்கிறோம் எண்டு சொல்லிக்கொண்டே செலவழிக்கிற ஆட்கள் அமெரிக்காவில் மட்டும் இல்லை.

கடைக்காரரும் சும்மா இருக்கவில்லை. 1991 இல் பொஸ்டன் நகர உணவகக்காரர்கள், மற்ற அட்டைகளை விட அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கூடுதலாக அறவிடுகிறது என்று கிளர்ந்தார்கள். 1773 இல் தேயிலையைக் கடலில் கொட்டின அதே நகரம்! அந்தப் போராட்டத்தின் பேரைக் கொஞ்சம் மாற்றி, 'பொஸ்டன் ஃபீ பார்ட்டி' எண்டே இதையும் அழைத்தார்கள். கொம்பனி வீதத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டி வந்தது.

ஆனால் கடைக்காரர் அந்தச் செலவைத் தன் தலையில் மட்டும் சுமக்கிறதில்லை. சாமானின் விலையில் ஏற்றுவார். அந்த விலையைக் காசு கொடுத்து வாங்குகிற சனமும் கட்டுகிறது, ஆனால் அவர்களுக்குப் புள்ளியும் இல்லை, ஓய்வறையும் இல்லை. பொஸ்டன் மத்திய வங்கிக் கிளையின் பொருளியலாளர்கள் 2010 இல் இதைக் கணக்குப் பார்த்தார்கள். பிளாட்டினம் மட்டுமில்லை, அமெரிக்கக் கடனட்டைகள் எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு அது. காசு பாவிக்கிற ஒரு குடும்பத்திடமிருந்து சராசரியாக வருடத்துக்கு 149 டொலர் அட்டைக்காரர் பக்கம் போகிறது. அட்டை பாவிக்கிற குடும்பத்துக்கு 1,133 டொலர் வருகிறது. காசு பாவிக்கிறவர்களில் வருமானம் குறைந்தவர்கள்தான் கூட. ஏழை வீட்டிலிருந்து வசதியான வீட்டுக்குக் காசு போகிறது, ஒருவருக்கும் தெரியாமல்.

எங்கட கடைகளில் சிலவேளை 'கார்ட் எண்டால் 3 வீதம் கூட' எண்டு முகத்துக்கு நேரே சொல்லுவினம். எரிச்சல்தான், ஆனால் செலவு கண்ணுக்குத் தெரிகிறது. அமெரிக்காவில், 'வேறு அட்டை தாங்கோ, எனக்குச் செலவு குறைவு' எண்டு வாடிக்கையாளரிடம் கேட்பதையே அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் ஒப்பந்தம் தடுத்தது. 2010 இல் அந்நாட்டு அரசும் பல மாநிலங்களும் வழக்குப் போட்டன. 2015 இல் கீழ்நீதிமன்றத்தில் வென்றார்கள். 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் கொம்பனியின் பக்கம் நின்றது. கடைக்காரரிடம் கூடுதலாக எடுப்பது அட்டைக்காரருக்குச் சலுகை கொடுக்கத்தானே, இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது தீர்ப்பின் வாதம். காசு கொடுத்து வாங்குகிறவர் அந்த இரண்டு பக்கத்திலும் இல்லை.