அச்சாகாத ஒரு இசைத்தட்டைத் தேடியவர்கள்

இன்னைக்கு ஒரு விசித்திரமான தேடல் கதை. அமெரிக்காவுல ஜாஸ் இசைத்தட்டு சேகரிக்கிறவங்க பல வருஷமா ஒரு நம்பரைத் தேடி அலைஞ்சாங்க: 4052. ப்ளூ நோட் கம்பெனியோட விளம்பரப் பட்டியல்ல அந்த நம்பர் இருந்துச்சு. ஆல்பத்தோட பேரு 'பேக் டு த ட்ராக்ஸ்', வாசிச்சவர் பேரு டீனா ப்ரூக்ஸ். ஆனா எந்தக் கடையிலும் அது கிடைக்கல, யார் வீட்டு அலமாரியிலும் இல்ல. ஏன்னா அந்தத் தட்டு அச்சாகவே இல்ல!

டீனா ப்ரூக்ஸ் ஆண்தான். 1932-ல பிறந்த டெனர் சாக்ஸபோன் கலைஞர், நிஜப் பேரு ஹரால்ட். சின்ன வயசுல பொடியனா இருந்ததால 'டீனி'ன்னு கூப்பிட்டாங்க, அதுவே டீனா ஆகி ஒட்டிக்கிச்சு.

அவர் கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி ப்ளூ நோட் பத்தி கொஞ்சம் சொல்லணும். பெர்லின்ல பிறந்து நியூயார்க் வந்த ஆல்ஃபிரட் லயன் 1939-ல ஆரம்பிச்ச கம்பெனி இது. அவரோட பெர்லின் நண்பர் ஃப்ரான்சிஸ் வுல்ஃப் அதே வருஷம் வந்து சேர்ந்துக்கிட்டார். வுல்ஃப் எடுத்த ஃபோட்டோக்களை வெச்சு ரீட் மைல்ஸ் வடிவமைச்ச அட்டைகளை இன்னைக்கும் டிசைன் படிக்கிறவங்க பார்த்துக் கத்துக்கிறாங்க. ஒலிப்பதிவு செஞ்சவர் ரூடி வான் கெல்டர். பகல்ல கண் பரிசோதகர். மத்த நேரத்துல நியூ ஜெர்சி ஹேக்கன்சாக்ல இருந்த அவங்க அப்பா அம்மா வீட்டு ஹால்தான் ஸ்டூடியோ. 1959-ல எங்கிள்வுட் க்ளிஃப்ஸ்ல தனியா ஸ்டூடியோ கட்டினார்.

லயன்கிட்ட ஒரு நல்ல பழக்கம் இருந்துச்சு. பதிவுக்கு முன்னாடி ஒத்திகை பார்க்கறதுக்கும் கலைஞர்களுக்குக் காசு கொடுப்பார். இன்னொரு பழக்கமும் உண்டு: வெளியிட முடியற அளவை விட நிறைய பதிவு பண்ணுவார். மிச்சம் எல்லாம் கிடங்குக்குப் போயிடும். டீனா ப்ரூக்ஸ் சிக்கினது அங்கதான். 1958-லேர்ந்து 1961-க்குள்ள தன் தலைமையில நாலு ஆல்பத்துக்குப் பதிவு பண்ணினார். அவர் உயிரோட இருந்தவரைக்கும் வெளிவந்தது ஒண்ணே ஒண்ணு: 1960 ஜூன்ல பதிவான 'ட்ரூ ப்ளூ'. அதே வருஷம் செப்டம்பர், அக்டோபர்ல பதிவானதுதான் அந்த 4052. நம்பர் கொடுத்தாச்சு, விளம்பரமும் போட்டாச்சு, ஆனா வெளியிடல.

1961-க்கு அப்புறம் அவர் பேர்ல எந்தப் பதிவும் இல்ல. ஹெராயின் பழக்கமும் உடல்நலக் கேடும் அவரை இழுத்துக்கிட்டே போச்சு. 1974-ல, 42 வயசுல இறந்துட்டார்.

இப்போ சேகரிப்பவர்கள் பக்கம் வருவோம். 'ட்ரூ ப்ளூ' அந்தக் காலத்துல பெருசா விக்கல. அதனாலயே அசல் தட்டு அபூர்வம் ஆச்சு. இன்னைக்கு நல்ல நிலையில ஒண்ணு ஏலத்துக்கு வந்தா விலை ஆயிரக்கணக்கான டாலர்ல நிக்கும். அசல்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்றது ஒரு தனிக் கலை. எங்க தொழில்ல லாக் ஃபைல் படிக்கிற மாதிரியே இருக்கும்.

முதல்ல லேபிள்ல இருக்கிற முகவரி. ப்ளூ நோட் ஆஃபீஸ் இடம் மாற மாற லேபிளும் மாறுச்சு. லெக்சிங்டன் அவென்யூன்னா 1950-கள்ல வந்தது. வெஸ்ட் 63-வது தெருன்னா அதுக்கு அடுத்தது. அப்புறம், இசை முடிஞ்சு லேபிள் தொடங்குறதுக்கு நடுவுல ஒரு வெற்று வளையம் இருக்கும். அதை விளக்கு வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா வான் கெல்டரோட ஆர்விஜி எழுத்துகள் தெரியும். பக்கத்துல காது மாதிரி ஒரு சின்னக் குறி. உண்மையில அது வளைச்சு எழுதின ஆங்கில 'பி' எழுத்து, ப்ளாஸ்டிலைட் தொழிற்சாலையோட முத்திரை. 1965-ல லயன் கம்பெனியை லிபர்ட்டிக்கு வித்தார். அடுத்த வருஷத்தோட ப்ளாஸ்டிலைட் நின்னு போச்சு. அதனால பழைய லேபிள் இருந்தும் காது இல்லன்னா உஷார், பிந்தைய அச்சா இருக்கலாம். இது எல்லாம் சரியா இருந்தாலும் தட்டுல கீறல் விழுந்திருந்தா விலை பாதிக்கும் கீழ இறங்கிடும்.

சரி, கிடங்குல தூங்கின டேப்புகள் என்ன ஆச்சு? மைக்கேல் கஸ்கூனான்னு ஒரு தயாரிப்பாளர். கலைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் 'வெளிவராம போன பதிவு ஏதாவது இருக்கா'ன்னு கேட்டுக் கேட்டு நோட்டுல எழுதி வெச்சிருந்தார். 1975-ல அப்போ ப்ளூ நோட்ல வேலை பார்த்த சார்லி லூரி அவருக்குக் கிடங்குக் கதவைத் திறந்து விட்டார். பிற்பாடு ரெண்டு பேரும் சேர்ந்து மொசைக் ரெக்கார்ட்ஸ் ஆரம்பிச்சாங்க. 1983-ல முதல் வெளியீடா தெலோனியஸ் மங்க் ப்ளூ நோட்டுக்கு வாசிச்சது முழுக்க ஒரே பெட்டியில வந்துச்சு.

மொசைக்கோட வழி எளிமையானது. பெரிய கம்பெனிகிட்ட உரிமம் வாங்கணும், சில ஆயிரம் பெட்டிகள் மட்டும் அச்சடிக்கணும், ஒவ்வொண்ணுக்கும் வரிசை எண் போடணும், கடைக்குக் கொடுக்காம நேரா தபால்ல விக்கணும். உள்ள ஒரு பெரிய புத்தகமும் இருக்கும்: யார், எப்போ, எந்தப் பாட்டுல வாசிச்சாங்கன்னு முழுக் கணக்கு. இந்த வரிசையில 1985-ல டீனா ப்ரூக்ஸ் பெட்டி வந்துச்சு. நாலு ஆல்பமும் ஒண்ணா. 4052-ஐத் தேடினவங்க கைக்கு அது கடைசியில கிடைச்சது, ஆனா வாசிச்சவர் போய் 11 வருஷம் ஆகியிருந்துச்சு.

கதை அங்க முடியல. அந்தப் பெட்டியும் வித்துத் தீர்ந்துச்சு, அதுவும் அபூர்வமாச்சு, அதையும் இப்போ கூட்டி விலை வெச்சு விக்கிறாங்க. பொக்கிஷத்தை வெளியே கொண்டு வந்த பெட்டியே இன்னொரு பொக்கிஷம் ஆயிடுச்சு.

எனக்கு உறுத்துறது ஒண்ணுதான். பழைய தட்டு கைமாறும்போது கலைஞருக்கோ அவர் குடும்பத்துக்கோ ஒரு பைசா போகாது. ஆயிரக்கணக்கான டாலர் அலமாரிக்கு அலமாரி பயணிக்குது, அவ்வளவுதான். உசிரோட இருந்தப்ப ஒரு வாய் தண்ணி கொடுக்காம, செத்தப்புறம் பால் ஊத்தின கதைன்னு முதல்ல கோபம் வந்துச்சு.

ஆனா யோசிச்சுப் பார்த்தா, அந்தக் கோபத்தைச் சேகரிக்கிறவங்க மேல போடறது சரியில்ல. இந்த ஆளை யாரும் மறக்காம பார்த்துக்கிட்டது அவங்கதான். இல்லாத ஒரு தட்டை விடாம விசாரிச்சவங்க, நோட்டுல எழுதி வெச்சவங்க. கஸ்கூனாவும் அந்தக் கூட்டத்துல ஒருத்தர்தான். 2024 ஏப்ரல்ல அவரும் காலமானார். விலைப் பைத்தியமும் நினைவுல வெச்சுக்கிற அக்கறையும் ஒரே மனுஷன்கிட்ட இருக்க முடியும். எது ஜெயிக்கும்கிறது, வாங்கின தட்டை அவர் சுழல விடறாரா, பூட்டி வைக்கிறாரா என்பதைப் பொறுத்தது.

நமக்கு ஏலமும் வேண்டாம், காது முத்திரையும் வேண்டாம். நாலு ஆல்பமும் இப்போ ஃபோன்லயே கேட்கலாம். இன்னைக்கு ராத்திரி 'ட்ரூ ப்ளூ' முழுசா ஒரு தடவை கேளுங்க. அப்புறம் 'பேக் டு த ட்ராக்ஸ்' போடுங்க. ரெண்டுக்கும் நடுவுல சில மாசம்தான் இடைவெளி. ரெண்டாவதை 1960-லயே வெளியிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நீங்களே சொல்லுங்க.