வளையம் சொல்வதும் சொல்லாததும்

கண்ணாடித் தட்டொன்றில் அகார் கூழை ஊற்றி உறையவிட்டு, அதன்மேல் பாக்டீரியாக்களைப் பரப்புகிறார்கள். நடுவில், மூலிகைச் சாற்றில் தோய்த்த வடிதாள் வில்லையொன்றை வைக்கிறார்கள். மறுநாள் காலையில் தட்டெங்கும் பாக்டீரியா மங்கலான படலமாக வளர்ந்திருக்கும். வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவான வளையம் தெரியும். கல்லூரி அறிவியல் கண்காட்சிகளில் இதை நீங்கள் பார்த்திருக்கலாம். சாற்றிலுள்ள ஏதோ ஒரு பொருள் பாக்டீரியாவைத் தடுத்திருக்கிறது என்பது அதன் பொருள். ஆனால் எவ்வளவு வன்மையாகத் தடுத்தது என்பதை வளையத்தின் அகலமே சொல்லிவிடுமா?

இம்முறை பெரும்புகழ் பெற்றது பெனிசிலினால்தான். 1940-இல் ஆக்ஸ்ஃபர்டில் நார்மன் ஹீட்லி, சிறு குழல்களை அகாரின்மேல் நிறுத்தி, அவற்றில் பெனிசிலின் கரைசலை நிரப்பி, உண்டான வளையங்களை அளந்தார். பெனிசிலினை அளக்கும் முதல் அலகே இந்த வளையத்தைக் கொண்டுதான் வகுக்கப்பட்டது. பிறகு பலருடைய பார்வை செடிகொடிகளின் பக்கம் திரும்பியது. இங்கிலாந்தில் ஆஸ்பர்ன் என்ற ஆய்வாளர் 2,300 தாவர இனங்களின் சாறுகளைச் சோதித்து 1943-இல் முடிவுகளை வெளியிட்டார். 63 பேரினங்களில் பாக்டீரியாவைத் தடுக்கும் பொருள்கள் இருக்கக் கண்டார்.

நான் இயற்பியல் ஆசிரியன். இந்த வளையத்தில் என் கண்ணுக்கு முதலில் தெரிவது விரவல். மருந்தின் மூலக்கூறுகள் கூழினூடே நாற்புறமும் விரவுகின்றன. இருமடங்கு தொலைவு விரவ நான்கு மடங்கு நேரம் வேண்டும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். இதற்கிடையே பாக்டீரியாக்கள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. ஆக, நடப்பது ஓர் ஓட்டப்பந்தயம். பாக்டீரியாக்கள் தடுக்க முடியாத அளவு பெருகிவிடும் அந்த நேரத்தில் மருந்து எதுவரை போதிய செறிவுடன் சென்றிருக்கிறதோ, அதுவே வளையத்தின் விளிம்பு. கணக்கிட்டுப் பார்த்தால், ஆரத்தின் வர்க்கம் செறிவின் மடக்கையைப் பொறுத்து மாறுவது தெரியும். எனவே செறிவைப் பத்து மடங்காக்கினாலும் வளையம் பத்து மடங்கு விரியாது. நீரில் கரையாத பொருளோ வைத்த இடத்தைவிட்டு நகரவே தயங்கும்; மஞ்சளிலுள்ள குர்குமின் அத்தகையது. வளையம் சிறுத்திருந்தால் மருந்து வலுவற்றதாகவும் இருக்கலாம், நடக்கமாட்டாததாகவும் இருக்கலாம்!

ஒரு கண்காட்சியில் எரிசாராயத்தில் எடுத்த இலைச்சாற்றின் வளையத்தைப் பெருமையுடன் காட்டினார்கள். "வெறும் எரிசாராயம் தோய்த்த வில்லை எங்கே?" என்று கேட்டேன். அப்படி ஒன்றை வைக்கவே இல்லை. சாராயமே பாக்டீரியாவைக் கொல்லுமே!

ஆகவே இன்று மருந்துக் கரைசலைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் காண்கிறார்கள். இது வளையத்தைவிட நம்பகமானது. ஆனாலும், பெனிசிலினைத் தேடியதுபோல் ஒரே ஒரு தூய பொருளைத் தேடிப் பிரித்து, அதைத் தனியே சோதிக்கும் பழக்கத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பெர்பெரின் என்னும் பொருளின் கதையில் அது வெளிப்பட்டது.

பெர்பெரின் மஞ்சள் நிறமுடையது. பெர்பெரிஸ் இனச் செடிகளில் அது உண்டு. நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மரமஞ்சளிலும் உண்டு. சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின்மேல் தனியே சோதித்தால் அதன் வலிமை குறைவு. காரணம், அந்தப் பாக்டீரியாவின் சவ்வில் 'நார்-ஏ' என்ற புரதம் ஓர் இறைப்பானைப்போல் வேலை செய்கிறது. கிணற்றில் ஊறும் நீரை ஊற ஊற மோட்டார் இறைத்துவிடுவதுபோல, உள்ளே நுழையும் பெர்பெரினை அது வெளியே தள்ளிவிடுகிறது. நார்ஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளையும் இப்படியே வெளியேற்றுகிறது. பாக்டீரியாக்கள் மருந்தெதிர்ப்பைப் பெறும் வழிகளில் இதுவும் ஒன்று.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் குழுவினர் கேள்வியையே மாற்றிக் கேட்டார்கள். பெர்பெரிஸ் செடியின் சாற்றைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே விடாமல், பாக்டீரியாவைத் தடுக்கப் போதாத சிறிதளவு பெர்பெரினுடன் சேர்த்துச் சோதித்தார்கள். ஒரு பொருள் சிக்கியது. அதன் பெயர் 5'-மெதாக்ஸிஹிட்னோகார்ப்பின். தனியே அதற்குப் பாக்டீரியாவைத் தடுக்கும் ஆற்றல் சிறிதும் இல்லை, வளையமும் காட்டாது. அது இறைப்பானை நிறுத்துகிறது, அவ்வளவுதான். நின்றவுடன் பெர்பெரின் செல்லுக்குள் தேங்கித் தன் வேலையைச் செய்கிறது.

வியப்பு என்னவென்றால், இப்பொருள் புதியதே அன்று. தொழுநோய்க்கு நெடுங்காலம் கொடுக்கப்பட்ட சால்மூக்ரா எண்ணெயில் இது சிறிதளவு இருப்பது முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. தனித்தனியே சோதித்து ஒதுக்கப்பட்ட கூறுகளில் இத்தகைய துணைப்பொருள்கள் இன்னும் எத்தனை இருக்கின்றனவோ!

இதைப் படித்துவிட்டு, மரமஞ்சள் கஷாயம் மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் கொல்லும் என்று எண்ணிவிடாதீர்கள். சோதனைக்குழாயில் நின்ற இறைப்பான் நோயாளியின் உடலிலும் நிற்கவேண்டுமானால், அந்தத் துணைப்பொருள் குடலைக் கடந்து இரத்தத்தில் போதிய செறிவுடன் தங்கவேண்டும். நம் செல்களிலும் இத்தகைய இறைப்பான்கள் உள்ளன. அவற்றின் வேலையை அது கெடுக்கவும் கூடாது. நார்-ஏ இறைப்பானை நிறுத்துவதற்கென்று ஒரு மருந்து இன்னும் மருத்துவமனைக்கு வந்து சேரவில்லை.